பதினேழு அரிசி

நாலு தீக்குச்சியில் ஒன்றைக் கிள்ளினான் ஹாசிம்.
கிள்ளியது எனக்கு வந்தது.
ஒரு ராத்திரி, ஒரு பிணம்,
ஒரு துப்பாக்கி, ஐந்து ரவை.

சுங்கை கெராயோங் கடைவரிசை முடிகிற இடம்,
தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, சாலையோரம்
பலகைமேல் கிடத்தியிருந்தார்கள் வேலாண்டியை.
காட்டுக்குப் போய் இரண்டு வருஷம்.
தாடிக்குள் முகம் தொலைந்திருந்தது.
கால்விரல் மட்டும் பழைய விரல்,
பெரட்டுக் களத்தில் என் பக்கத்தில் நின்றது.

அவன் அண்ணன் சடையப்பனுக்கு
முந்தாநாள்தான் மண் போட்டோம்.
காக்கியோடு. ஊதுகுழலோடு.
துரை தொப்பியைக் கழற்றி நின்றார்.
ஒரே திருப்பம், ஒரே மழை, இருவரும் விழுந்தார்கள்.
யார் ரவை யாருக்கு என்பது
மழைக்குத்தான் தெரியும்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
ஒருவனுக்குக் கொடி. ஒருவனுக்கு ஈ.

கிராணி ராயப்பன் நோட்டீசைத் தமிழில் படித்தார்:
தொடக்கூடாது, மூடக்கூடாது, அழக்கூடாது.
கடைசிச் சொல் தாளில் இருந்ததா
கிராணியே சேர்த்தாரா, தெரியாது.

அரிசியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.
அந்த வருஷம் ஆளைவிட அரிசிக்குத்தான் காவல்.
முள்வேலி தாண்டி ஒரு மணி போகக்கூடாது.
கொண்டையை அவிழ்க்கச் சொல்வோம்,
காண்டா வாளிக்குள் கைவிட்டுத் துழாவுவோம்.
காட்டில் இருப்பவன் பசியால் சாகட்டும் என்று
மேலே யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.

விடியுமுன் வெட்டுக்குப் போகிற வரிசையில்
வந்தாள் பச்சையம்மா.
"என்ன வச்சிருக்கே?"
தலையை ஆட்டினாள்.
"வாயில்லையா உனக்கு?" என்றேன்.
வாளியைக் கவிழ்த்தாள். மடியை உதறினாள்.
கன்னம் உப்பியிருந்ததை
அழுத முகம் என்று நினைத்தேன்.

கேட்டைத் தாண்டி முப்பது அடி.
குனிந்தாள்.
தம்பியின் தாடையைப் பிடித்தாள்,
பிள்ளைக்குக் கஷாயம் புகட்டுகிற பிடி.
தன் வாயிலிருந்து அவன் வாய்க்கு.

விசில் என் கழுத்தில்தான் தொங்கியது.
என் அம்மாவுக்கு நான் போட்ட வாய்க்கரிசி
விரலில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது,
ஏனோ அது ஞாபகம் வந்தது.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது.
ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது
தாடியிலிருந்து வெள்ளையாய் ஓர் ஊர்வலம்
இறங்கிக்கொண்டிருந்தது.
வாய்க்குள் கைவிட யாரும் துணியவில்லை.
சிந்தியதை மட்டும் பொறுக்கினார்கள்.

தேடிப் போகுமுன்னே நிரையிலிருந்து அவளே வந்தாள்,
உளியைத் துடைத்துக்கொண்டு.
"நான்தான்."
"நோட்டீஸ் தெரியாதா?"
"தெரியும். படிச்சப்போ நான் முன்னாடி நின்னேன்."
"பிறகு?"
"சடையண்ணனுக்குப் போட்டப்போ நீங்க தடுக்கலியே.
அதுக்கொரு கை இதுக்கொரு கையா
வச்சிருக்கேன், ஐயா?"

வழக்கு எழுதினார்கள்:
கொள்ளைக்காரனுக்கு உணவு அளித்தது.
செத்தவன் சாப்பிடுவானா என்று கேட்க
அங்கே வக்கீல் இல்லை.
காகித உறையில் சாட்சிப் பொருள்.
அரிசி, பதினேழு.

தூக்கில் போடவில்லை. பினாங்கில் கப்பல் ஏற்றினார்கள்.
உன் நாட்டுக்குப் போ என்றார்கள்.
ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தவள் அவள்.
நாகப்பட்டினத்தில் இறங்கி
யார் பெயரைச் சொல்லி வழி கேட்பாள்?
உயிரோடு மூட மண்ணே வேண்டுமென்பதில்லை.
கடல் போதும்.

தலையெழுத்து என்றது லயம்.
நான் பார்த்த எழுத்து
கேட்டில் ஒட்டியிருந்தது, பசைகூடக் காயாமல்.
அதற்குக் காவல் நின்றதற்காக
என் சட்டைக் கையில் ஒரு பட்டை ஏறியது.

கோர்ட்டில் உறையைப் பிரித்து எண்ணச் சொன்னார்கள்.
சத்தியம் செய்துவிட்டு எண்ணினேன்.
பதினேழு.

பதினெட்டாவது அவன் உதட்டோரம் ஒட்டியிருந்தது.
எறும்பு வருமுன், வெளிச்சம் வருமுன்,
என் கட்டைவிரல் அதை உள்ளே தள்ளியது.
யாரும் கேட்கவில்லை.